மேல் ஸ்வரத்துக்கு ஒரு சின்ன ட்ரம்பெட்

என் பழைய ட்ரம்பெட்டில் ஒரு குறையும் கிடையாது. குறை என் வாயில் இருந்தது. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ரொம்ப காலமாக முதல் ட்ரம்பெட் வாசிப்பவன் நான். போன வருஷம் மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் ஆட்டம் கண்டன. டாக்டர் பிடுங்கிப் போட்டுவிட்டு, கழற்றி மாட்டும் பல்செட் ஒன்றைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பேசலாம், சிரிக்கலாம், தோசை தின்னலாம். ட்ரம்பெட் ஊதுவதுதான் பாடு. கீழ் ஸ்வரங்கள் எப்படியோ வந்துவிடும். மேலே போகப் போக உதட்டுக்குப் பின்னால் பல் உறுதியாக நிற்க வேண்டும், என் செட்டோ கழன்று நாக்கில் விழப் பார்க்கும். இது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிய நான் விடவில்லை.

ஈஸ்டர் ஆராதனையில் கடைசிப் பாட்டின் உச்சத்தில் என் சத்தம் பிளந்தது. சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்ததும் குழுத் தலைவர், “என்னாச்சுங்க?” என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

“ட்ரம்பெட்டு பழசாயிப்போச்சுங்க, மேல ஏறவே மாட்டேங்குது” என்றேன். அதோடு விட்டேனா? “சின்ன ட்ரம்பெட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. குழல் நீளம் கம்மி, சுருதி ஒசத்தி. அது மட்டும் இருந்தா கவலையே இல்லீங்க” என்று வேறு அளந்துவிட்டேன். அவர் நல்ல மனுஷன். சபையில் பேசி, கிறிஸ்துமஸுக்குள் எனக்கு ஒன்று வாங்கித் தருவதென்று முடிவே செய்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, “பல்லு போனதுக்கு ட்ரம்பெட்டு என்னங்க பண்ணும்?” என்றாள். மோட்டார் போட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனேன். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

டவுன்ஹால் பக்கத்தில் இருக்கும் கடைக்கு இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கும் பெண்ணும் கூட வந்தாள். பீளமேட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை. என் மகளைவிடச் சின்னவள். லீவு நாளை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, என்னைவிட ஆவலாக நின்றாள். கடைக்காரர் சொல்லி வைத்து வரவழைத்திருந்த இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பிக்கலோ என்கிற மிகக் குட்டி ரகம், பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தது. இன்னொன்று ஈ பிளாட், நம் வழக்கமான ட்ரம்பெட்டைவிடச் சற்றுக் குட்டை.

“இதுல ஊதுனா மேல் சொரமெல்லாம் தானா ஏறுமுங்க சார்” என்றார் கடைக்காரர். நான் அளந்ததையே அவரும் அளந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மொதல்ல நீ ஊது கண்ணு, நான் தள்ளி நின்னு கேக்கறேன்” என்றேன். அவள் இரண்டையும் ஊதினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி அவளுக்கு மேல் ஸ்வரம் சுலபமாக வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு, பிக்கலோ கொஞ்சம் கீச்சென்கிறது, ஈ பிளாட்டில் கனம் இருக்கிறது என்று பெரிய வித்வான் போலத் தீர்ப்புச் சொன்னேன். அதையும் நம்பித் தலையாட்டினாள்.

“வாசிக்கப் போறவரு ஊதிப் பாக்கோணுமில்லீங்களா?” என்றார் கடைக்காரர்.

ஈ பிளாட்டை வாங்கி ஊதினேன். நாலு ஸ்வரம் ஏறியதும் செட் கழன்றது. புஸ்ஸென்று வெறும் காற்று வந்தது, எச்சிலோடு. செட் வெளியே வந்து விழாமல் கையால் வாயைப் பொத்தினேன். அவள் பார்த்துவிட்டாள். பார்த்த அடுத்த நொடியே சுவரில் தொங்கிய கிட்டார்கள் பக்கம் திரும்பிக்கொண்டு, கடைக்காரரையும் கூப்பிட்டு எதையோ விலை கேட்டாள். நான் செட்டைச் சரிசெய்கிற வரைக்கும் திரும்பவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வெறுங்கையோடு போனால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் வாயைத் திறந்து காட்ட வேண்டும். “இதையே எடுத்துக்கலாமுங்க” என்றேன். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

கிறிஸ்துமஸ் ஒத்திகையில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: “அங்கிள், அந்த மேல் சொரம் வர்ற எடத்துல நீங்க சும்மா உதட்டுல மட்டும் வெச்சுக்குங்க. நான் ஊதிக்கறேனுங்க.” எவ்வளவு பெரிய வெட்கக்கேடு. “செரி கண்ணு” என்றேன்.

அப்படியே நடந்தது. உச்சம் வந்தபோது நான் புது ட்ரம்பெட்டை நிமிர்த்திப் பிடித்துக் கன்னத்தைக்கூட உப்பிக் காட்டினேன். சத்தம் பக்கத்து நாற்காலியிலிருந்து, அவளுடைய கீறல் விழுந்த பழைய ட்ரம்பெட்டிலிருந்து வந்தது. சுத்தமாக வந்தது. ஊதிக்கொண்டிருந்தபோது அவள் கண் நோட்ஸை விட்டு அசையவில்லை.

ஆராதனை முடிந்ததும் குழுத் தலைவர் வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “அந்தச் சத்தம் இன்னும் காதுலயே நிக்குதுங்க! நீங்க சொன்னது நெசந்தான், ட்ரம்பெட்டுலதான் இருந்திருக்குது கோளாறு” என்றார். அவள் இரண்டடி தள்ளி ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“ஆமாங்க, நல்ல பொருளுங்க” என்றேன்.

அவள் பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். எங்களைத் தாண்டும்போது, “வாரேனுங்க அங்கிள்” என்று எப்போதும் போலச் சிரித்தாள். பதிலுக்குச் சிரிக்க வாயைத் திறக்க எனக்குக் கூசியது.