ரங்கூன் பிள்ளை போட்ட கணக்கு

இன்று காலை என் மகளைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். ரங்கூனில் குண்டு விழுந்ததும் காடு மலை கடந்து நடந்தே வந்தவர்கள்.

"டி.சி. எங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"பள்ளிக்கூடமே எரிஞ்சு போச்சு சார். பிள்ள அங்கன நாலாங்கிளாஸ் முடிச்சிட்டா."

அவர் நம்பவில்லை. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டை இருபத்துநாலால் வகுக்கச் சொல்லி சிலேட்டை நீட்டினார். பிள்ளை தயங்காமல் போட்டுக் கொடுத்தாள்.

"என்னளா இது, வட்டம் வட்டமா கிறுக்கி வச்சிருக்க? ஒண்ணாங்கிளாஸ்ல போயி உக்காரு."

தாய் மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் சிலேட்டைத் துடைக்கக் கையை வைத்துவிட்டார்.

"அழிச்சிராதீங்க சார்" என்றேன். சொன்ன பிறகுதான், என் மகளுக்கும் இவரிடமே இடம் கேட்க வேண்டும் என்பது உறைத்தது.

துறைமுகத்தில் பர்மா அரிசி மூட்டைகளை எண்ணி இறக்கியவன் நான். மூட்டை மேல் இருந்ததும் இதே பர்மா எண்கள்தான். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். விடை எழுபத்தெட்டு.

அவர் ஒரு காகிதத்தில் தானும் போட்டுப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு என்று எழுதினார்.

எழுதிவிட்டு, அதே கணக்கை என் மகளிடம் கொடுத்தார்.

இவளிடம் டி.சி. இருக்கிறது, இரண்டு முத்திரையோடு. விடைதான் வரவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னோடு பேச மாட்டேன் என்கிறாள்.

உங்கள் பிள்ளைகளிடமும் அந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். வராதவர்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள், இவளிடம் காட்ட வேண்டும்.