குசினிச் செடி

ரொக்ஸ்பரோ ஸ்டேஷனிலிருந்து என்னைக் காரில் ஏற்றிவந்த மச்சாள் வசந்தி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டின் பின்வளவைக் காட்டுகிறாள். வல்லாரை, பொன்னாங்காணி, பந்தல் நிறையப் பயிற்றங்கொடி. சுவீடனில் என் பால்கனியில் மூன்று முறை வைத்த வல்லாரை மூன்று முறையும் செத்துப்போனது. எனக்கு வயிறு எரிகிறது.

எதிலாவது இவளை மிஞ்ச வேண்டும். வேலியோரம் களையோடு களையாக நிற்கும் முளைக்கீரை ஒன்றைப் பிடுங்கிக் காட்டுகிறேன்.

"இதையும் சாப்பிடலாம், தெரியுமோ மச்சாள்? நட்டதோ தானா முளைச்சதோ, குசினியில சமைக்கிற எல்லாத்துக்கும் சுவீடிஷில ஒரே சொல்லுத்தான். ஷேக்ஸ்வெக்ஸ்டர். குசினிச் செடியள்."

"ஐயோ, ஏன் வேரோட பிடுங்கினனீங்கள்?" மச்சாள் பதறுகிறாள். "நான் நுனியை மட்டும்தான் கிள்ளுறனான், திரும்பத் தழைக்கும். இப்ப ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கீரை வறை இதுதானே!"

செடியை வாங்கி அதே குழியில் வைத்து, மண்ணை அழுத்தித் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"பரவாயில்லை, பிடிச்சிடும்."

பிடித்துவிடும். அவள் கை வைத்தால் பிடித்துவிடும் என்று எனக்கும் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.