மாமி வீட்டு வெள்ளி

எனக்குக் கைவேலை சுட்டுப்போட்டாலும் வராது. ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிடுகிறேன். ஆனாலும் என் எட்டாவது வயதில் கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, நான் கட்டிய நட்சத்திர வெள்ளி ஒன்று கொழும்புத்துறைக் கரையில் இரண்டு மாதத்துக்கு மேல் தொங்கியது. அந்தப் பெருமையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அது உலக யுத்தம் முடிந்த வருடம். யுத்த காலத்தில் கரையோர வீடுகளில் வெளியே வெளிச்சம் தெரியக்கூடாது என்று கட்டளை இருந்ததால் ஒருவரும் வெள்ளி கட்டவில்லை. தடை நீங்கியதும் ஊருக்கே வெள்ளிப் பைத்தியம் பிடித்தது. எங்கள் வீட்டில் மூங்கில் சீவுவது முதல் சிவப்புப் பட்டக்கடுதாசி ஒட்டுவது வரை எல்லாம் அண்ணைதான். நான் கிட்டப் போனால், "நீ தொட்டால் கோணும், அங்காலை போ" என்பார். அப்படியா சங்கதி, எனக்கென்று ஒன்று கட்டாமல் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கட்டினால் எங்கே தொங்கவிடுவது என்பதுதான் பிரச்சினை. வெள்ளி இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் ஒன்றே ஒன்று இருந்தது, மாமி வீடு.

மாமி என் தகப்பனாரின் தங்கை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், கடலோடு ஒட்டிய வளவு அவருடையது. ஐப்பசியில் ஒருநாள் மாமா வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார். காற்றுக் கிளம்பியது. மற்ற வள்ளங்கள் கரை சேர்ந்தன, அவருடையது சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைச் செத்தவீடாகவே வைத்துக் கதைக்கத் தொடங்கியது. செத்தவீட்டில் அந்த வருடம் வெள்ளி கட்டுவதில்லை, அடுப்பில் தாச்சி வைத்துப் பலகாரம் சுடுவதில்லை; இனசனம்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். மாமியோ கறுப்புச் சேலை உடுக்கவுமில்லை, மாமாவின் ஆத்துமத்துக்காகப் பூசை கேட்கவுமில்லை. கோயில் மூப்பர் வந்து கேட்டதற்கு, "பாப்பம்" என்று மட்டும் சொன்னாராம். நத்தாருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்து, மெல்லக் கதைத்து மாமியைக் கறுப்பு உடுக்கச் சம்மதிக்க வைக்கலாம் என்பது அம்மாவின் எண்ணம்.

அந்தக் கேக்குக்காக அம்மா கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு மாவில் இரண்டு சுண்டு மிச்சம்பிடித்துப் பேணியில் மூடி வைத்திருந்தார். முட்டைகள் தவிட்டுக்குள் கிடந்தன. எனக்கு முட்டையில் அக்கறையில்லை. கடுதாசி ஒட்ட நாங்கள் வழக்கமாக நறுவிலிப்பழம் தேய்ப்போம். அந்த நேரம் மரத்தில் ஒன்றுகூட இல்லை. அண்ணையிடம் விளாம்பிசின் இருந்தது, உயிர் போனாலும் தரமாட்டார். அம்மா சந்தைக்குப் போன நேரம் பேணியைத் திறந்தேன். ஒரு அகப்பை மாதான் எடுத்தேன். தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் மா போட்டேன். இறுகிவிட்டது, தண்ணீர் விட்டேன். மறுபடி இளகிவிட்டது. இப்படியே போய், நிமிர்ந்து பார்த்தபோது பேணியில் அடி தெரிந்தது; சட்டியில் ஊரிலுள்ள வெள்ளி எல்லாவற்றையும் ஒட்டக் காணும், மிஞ்சியும் போகும் என்கிற அளவு பசை இருந்தது.

ஐந்து முனையில் ஒரு முனை குட்டை. ஆனாலும் அது வெள்ளிதான். தூக்கிக்கொண்டு வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடினேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆர் பிள்ளை உன்னைக் கட்டச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. உங்கடை வீட்டிலைதான் வெள்ளி இல்லை."

சுளகை வைத்துவிட்டு வெகுநேரம் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கடலைப் பார்த்த பூவரசில் தானே கட்டினார். உள்ளே சிரட்டை விளக்கு வைக்கவும் இடம் பார்த்தார். றோட்டுப் பக்கம் கட்டினால்தானே ஆட்கள் பார்ப்பார்கள் என்று நான் சிணுங்கினேன். "றோட்டாலை போற சனத்துக்கு இல்லை பிள்ளை. கடலாலை வாற ஆளுக்குத் தெரிஞ்சால் காணும்" என்றார். வெள்ளியைப் பார்த்து மூன்று இராசாக்கள் ஒட்டகத்தில் வந்ததாகத்தான் நான் படித்திருந்தேன். கொழும்புத்துறைக்கு வள்ளத்தில் வருவார்களாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் அம்மா பேணியைக் கண்டுபிடித்துத் தடியோடு வந்துவிட்டார். நான் மாமியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். வெள்ளியைக் கண்டதும் அம்மாவுக்கு மா மறந்துபோயிற்று.

"இதென்ன மச்சாள், சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். பிள்ளை கட்டினது, கழட்டமாட்டன்."

கேக்குக்கு வைத்த மா போன கதையை அம்மா சொன்னதும் மாமி சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அம்மாவின் கையிலிருந்த தடியை வாங்கி முறித்து அடுப்பில் வைத்தார். தாச்சியை ஏற்றி, வீட்டிலிருந்த பயற்றம் மாவை எடுத்துப் பணியாரத்துக்குக் குழைத்தார். அம்மா திகைத்து நின்றார், பிறகு பக்கத்தில் குந்தி உருண்டை பிடித்தார். அந்த வருடம் செத்தவீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வந்தது. முதல் பணியாரம் எனக்குத்தான் கிடைத்தது. வாங்கவேண்டிய அடிக்குப் பதிலாகப் பணியாரம் தந்த மாமியை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன்.

இராசாக்கள் திருநாள் முடிந்ததும் ஊரில் எல்லாரும் வெள்ளியைக் கழற்றினார்கள். மாமி கழற்றவில்லை. ஒவ்வொரு பொழுதுபடவும் விளக்கேற்றினார். மழையில் கடுதாசி கிழியும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு ஒட்டுவித்தார். என் வெள்ளியின் வடிவைப் பார்த்து மாமிக்குக் கழற்ற மனம் வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். அண்ணைக்கு முன்னால் தலையை நிமிர்த்தி நடந்தேன்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், பூவரசு வெறுமையாக நிற்கிறது. வெள்ளி விறாந்தையில் சாத்திக் கிடந்தது. மாமி கறுப்புச் சேலை உடுத்து உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் வெள்ளியைக் கழற்றிவிட்டார்களே என்று குழறி அழுதேன். மாமி என்னை இழுத்து மடியில் வைத்து, அந்தப் புதுச் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்தார்.

"அழாதை என்ரை ராசாத்தி. அது இவ்வளவு நாள் எரிஞ்சது காணும். வாற வருஷம் வேறை ஒண்டு கட்டுவம்."

அன்று அந்த வீட்டிலிருந்து வெளியே கேட்ட அழுகை என்னுடையது மட்டும்தான். மாமி பொழுதுபடும்வரை எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.