கழுதை அண்ணனும் கோழித் தங்கச்சியும்

பேசாத படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுவது என்பது வாய் பேசாத பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லும் தாய்மாமன் வேலை. நல்லபடி முடிந்தால் பேர் பெண்ணுக்கு, கெட்டால் உதை மாமனுக்கு. கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர்கள், நாடகத்தில் திரை இழுத்தவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டவர்கள் நீங்கள்.

நான் எட்டு வயதில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனவன். ராணி வேஷம் கட்டினேன். பதினைந்தில் குரல் உடைந்தது. வாத்தியார் மறுநாளே பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போனால் அப்பா, "கூத்தாடிக்கு இங்க சோறு கிடையாது" என்று கதவைச் சாத்தினார். கடைசியில் தென்காசியில் ஒரு டூரிங் சினிமாக்காரர் என்னைச் சேர்த்துக்கொண்டார். திரை ஓரத்தில் கம்போடு நின்று கதை சொல்ல வேண்டும். சாரல் மாதங்களில் கொட்டகை குற்றாலத்துக்குப் போகும், நாங்களும் கூடவே போவோம்.

இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுகிறவன் மைதீன். வடகரைக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். தறியை விட்டுவிட்டுப் பொம்மை காட்டப் போனவன் வாசலில் ஏறக்கூடாது என்று அவன் வாப்பா சொல்லிவிட்டார். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் வேலைக்கு ஒரே ஒரு சட்டம்: ஆட்டம் ஓடும்போது கை நிற்கக் கூடாது. நின்றால் விளக்குச் சூட்டில் படம் பற்றிக்கொள்ளும். நோன்பு மாதத்தில் அவன் உம்மா யார் கையிலாவது ரகசியமாகக் கஞ்சி கொடுத்தனுப்புவார்கள். அதில் பாதி எனக்கு. கேட்காமலே என் தட்டில் ஊற்றிவிட்டுத்தான் தன் தட்டில் ஊற்றுவான்.

உறவுமுறைத் தீர்ப்பு

அந்த வருஷச் சாரலுக்கு முதலாளி எங்கேயோ அரை விலைக்கு ஒரு பொம்மைப் படம் வாங்கி வந்தார். யாரோ வெள்ளைக்காரன் தாள் தாளாக வரைந்தது. ஒரு கழுதைக்குட்டி, பாதிக் காதைக் காணோம், அதனால் யாருக்கும் வேண்டாம். ஒரு கோழிக்குஞ்சு, மஞ்சள் குஞ்சுகளுக்கு நடுவில் இது மட்டும் கன்னங்கரேல், அதனால் தாய்க்கோழியே கொத்தித் துரத்துகிறது. உடைந்த வண்டி ஒன்றின் அடியில் இரண்டும் சந்திக்கின்றன. மழை வருகிறது. கழுதை தன் நல்ல காதைச் சாய்த்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கிறது.

முதல் நாள் நான் கணீரென்று, "இதோ பாருங்கள், ஆருயிர் நண்பர்கள் இருவர்!" என்றேன். பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். அருவிப் பாதையில் பலாச்சுளை விற்கும் மாடத்தியக்கா. அவள் தொண்டைக்கு என் தொண்டை பத்தடி பின்னால்தான் நிற்கும். கொட்டகை முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"நண்பனாம்லா நண்பன்! தான் நனைஞ்சிக்கிட்டு அதுக்குக் கொட பிடிக்கு, பாத்தாத் தெரியலயா? அண்ணன் தங்கச்சின்னு ஒழுங்கா மொறையச் சொல்லும்வே!"

எண்ணெய்ப் பெஞ்சு

குற்றாலத்தில் தொழில் நடத்தியவர்களுக்கு ஒரு கஷ்டம் தெரியும். சீசனுக்கு வருகிறவர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். அருவியில் கூட்டம் என்றால், "சரி, இது முடியட்டும்" என்று அந்த எண்ணெயோடு கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பெஞ்சுகளைப் பிழிந்தால் ஒரு படி நல்லெண்ணெய் எடுக்கலாம்.

ஒருநாள் முன்பெஞ்சில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் எண்ணெய் ஆசாமிகள். தாய்க்கோழி குஞ்சைத் துரத்தும் கட்டம். நானும் விடாமல், "அம்மா, என் நிறம் என் குற்றமா!" என்று உருகினேன். கட்டம் சூடாக ஆக எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். வரிசையோடு வழுக்கி மணலில் விழுந்தார்கள். பணகுடிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அடியில் மாட்டிக்கொண்டார். தூக்கலாம் என்றால் ஆள் கைக்குப் பிடிபடவில்லை. எழுந்ததும் மணலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்து கேட்டார்:

"தங்கச்சியத் தொரத்துனது அந்தக் கோழி. அதுக்கு எங்களயாவே கீழ தள்ளுவீரு?"

கத்தக் கற்றுக்கொண்டேன்

கழுதைக்குக் குரல் கொடுப்பதும் என் பொறுப்பு. எனக்கோ உடைந்த குரல் என்றால் வெட்கம். அதனால் மெல்ல, மரியாதையாகக் கத்துவேன். பண்பொழியில் இருந்து பொதிக்கழுதை ஓட்டிக்கொண்டு வரும் சுடலைமுத்து அண்ணாச்சி மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்து என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே அவருடைய கழுதை குட்டியோடு நின்றது.

"நீரு கத்துதது பசிக் கத்து. தம் பிள்ளையத் தேடுத கத்து வேற, கேளும்" என்று சொல்லிவிட்டுக் குட்டியை மரத்துக்கு மறைவில் கொண்டுபோனார். தாய்க்கழுதை கத்தியது. அடிவயிற்றில் ஆரம்பித்து, நடுவில் இரண்டாக உடைந்து, மேலே போய்க் கிழிந்தது. அது அச்சு அசலாக என் குரல். கம்பெனியில் என்னைத் துரத்தக் காரணமாக இருந்த அதே உடைசல். அன்று ஆட்டத்தில் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தினேன். தட்டிக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்:

"இது மனுசனுக்கு ஆவாத கொரலுவே. கழுதைக்குன்னே சாமி செஞ்சது, தப்பி ஒமக்கு வந்துட்டு. விட்டுராதியும்!"

ஏட்டையா கேட்ட சாட்சி

எல்லாம் சரி, முடிவில்தான் வந்தது வினை. எவனோ ஒரு வியாபாரி கழுதையைப் பிடித்துக் கூட்ஸ் வண்டியில் ஏற்றுகிறான். வண்டி நகர்கிறது. கழுதை எட்டிப் பார்க்க, கறுப்புக் குஞ்சு தண்டவாளத்தோடு ஓடி வருகிறது. அவ்வளவுதான், வெள்ளைத் திரை. இதற்குமுன் இந்தப் படத்தை வைத்திருந்தவர்களில் யாரோ கையை நிறுத்தியிருக்கிறார்கள், கடைசித் துண்டு எரிந்து போயிருக்கிறது. அதனால்தான் அரை விலை.

ஜனங்கள் எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள். "பொறவு?" என்றார்கள். நானும் வெறும் திரையைக் கம்பால் காட்டி, "அடுத்த ஸ்டேஷனில் கழுதை குதித்துத் திரும்பி வந்தது, இருவரும் சுகமாக வாழ்ந்தார்கள்" என்று ஒப்பேற்றினேன். முன்வரிசையில் இருந்த போலீஸ் ஏட்டையா எழுந்தார். ஆறடி ஆள், மீசை மட்டும் தனி ஆள். கண் கலங்கி இருந்ததை மறைக்க அதட்டினார்:

"ரயிலு போனத நான் கண்ணால பாத்தேன். கழுத திரும்பி வந்தத எவன்வே பாத்தான்? சாட்சி இல்லாம நீரு சொன்னா எடுத்துக்கிட முடியுமா?"

முதலாளி வைத்த கெடு

ஒரு வாரத்தில் பெண்கள் பக்கம் காலியாகிவிட்டது. "அந்தப் பிஞ்சு ஓடுத ஓட்டத்தப் பாத்துட்டுப் போனா வீட்டுல சோறு எறங்க மாட்டேங்கு" என்று மாடத்தியக்காவே வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் வராவிட்டால் அவள் தெருவே வராது. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். புனலூரில் அவர் மச்சினர் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார், கைப்பிடி சுற்ற ஆள் கேட்கிறார். இங்கே சுற்ற முதலாளியின் மருமகன் இருக்கிறான், வீட்டில் சும்மா தின்றுகொண்டு. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் மைதீன் புனலூர் போக வேண்டியது. சனிக்கிழமைக்குள் கூட்டம் திரும்பினால் மட்டும் யோசிப்பாராம்.

வீட்டை விட்டு வந்த இத்தனை வருஷத்தில் என் தட்டில் கேட்காமல் கஞ்சி ஊற்றியவன் அவன் ஒருத்தன்தான். முதலாளியிடம் கெஞ்சினேன். நானும் போகிறேன் என்றேன். அங்கே மலையாளத்தில் கதை சொல்ல ஆள் இருக்கிறானாம், நான் வேண்டாமாம். முதலாளி வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"கைப்பிடி சுத்தத்தானலே போறான், காசிக்கா போறான்? ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் திரிய நீங்க என்ன கூடப் பொறந்த பொறப்பா?"

நிற்கக் கூடாத கை

சனிக்கிழமை. மாடத்தியக்கா காலில் விழாத குறையாக, "ஒரே ஒரு தடவை வாக்கா, நாளைக்கு மைதீன் போறான்" என்று அழைத்து வந்திருந்தேன். அவளோடு பத்துப் பதினைந்து பெண்கள். ஏட்டையாவும் சுடலைமுத்து அண்ணாச்சியும் வந்திருந்தார்கள். புதுசாகச் சொல்ல ஒரு முடிவும் என் வாயில் இல்லை.

கூட்ஸ் வண்டி நகர்ந்தது. குஞ்சு ஓடியது. நான் கத்தத் தொடங்கினேன், பாதியில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அப்போது பார்த்தால் திரையில் ரயில் நிற்கிறது. நின்ற ரயில் மெல்லப் பின்னால் வருகிறது! எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மைதீன் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறான். கீழ்ச் சக்கரத்தில் இருந்து படம் மேலே ஏறுகிறது. அதை வாங்கிச் சுற்ற மேல் சக்கரத்துக்கு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் விளக்கின் மேல் சரிந்து கொட்டகையே பற்றிவிடும். கம்பை எறிந்துவிட்டு ஆட்கள் நடுவே ஓடினேன். மேல் சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றினேன்.

கதை சொல்ல யாரும் இல்லை. மாடத்தியக்கா எழுந்துவிட்டாள். "ஏட்டி, ரயிலு திரும்புதுட்டி! அண்ணன் எறங்குதான் பாரு! தங்கச்சிகிட்ட வந்துட்டான்!" கொட்டகை முழுக்க அவளோடு சேர்ந்து கதை சொன்னது. கழுதையும் குஞ்சும் பின்பக்கமாகவே நடந்து நடந்து உடைந்த வண்டிக்கு அடியில் போயின. கீழே விழுந்த மழை மேலே ஏறியது. கழுதை காதைச் சாய்த்தது. இன்னும் சுற்றினால் இரண்டும் ஒன்றை ஒன்று அறியாத இடத்துக்கே போய்விடும் என்று எனக்கு உறைத்தது. "போதும்லே!" என்று விளக்கை மறைக்கும் தகரத்தைத் தள்ளினேன். அதற்குப் பிறகுதான் அவன் கை நின்றது.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஏட்டையா திரும்பி நின்று கொட்டகைக்கே கேட்கும்படி, "நான் பாத்தேன். நான் சாட்சி" என்றார். நான் மைதீனை உலுக்கினேன். "ஏலே, என்ன காரியம் பண்ணுன? கொட்டகை எரிஞ்சிருந்தா?" அவன் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. தன் ஒரு வாரப் பேச்சையும் சேர்த்துச் செலவழித்தான்:

"கடேசி வரைக்கும் சுத்த மனசு வரல அண்ணாச்சி. நிறுத்துனா எரிஞ்சிரும். அதான் திருப்பிட்டேன்."

பின்னால் போகும் ரயில்

மறுநாள் சாயங்காலம் ரயில் பின்னால் வருவதைப் பார்க்க மேலகரத்தில் இருந்தும் இலஞ்சியில் இருந்தும் ஆள் வந்துவிட்டது. பெண்கள் பக்கத்துத் தட்டியை நாலு முழம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. முதலாளி தம் மருமகனைக் கைப்பிடியில் நிறுத்தி முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தார். அவன் முன்னால் சுற்றினான். பின்னால் சுற்றச் சொன்னதும் திணறினான்: கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு கை ஒரே வேகத்தில் போக வேண்டும், அதற்கு ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரிய வேண்டும். முதலாளி மேல் சக்கரத்தைப் பிடித்துத் தாமே முயன்று பார்த்தார். படம் அவர் கழுத்தில் மாலையாக விழுந்தது. அதைக் கழற்றுவதற்குள் புனலூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மைதீனுக்குப் பதில் மருமகனையே ஏற்றி அனுப்பிவிட்டார்.

அன்று ஆட்டம் முடிந்து மாடத்தியக்கா ஒரு இலை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள். மைதீன் கையில் கட்டு. நான் சுளையைக் கொட்டை எடுத்து அவன் வாயில் வைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்:

"இதுல கழுத எது, கோழி எதுன்னு தெரியல. ஆனா மொறை நான் அன்னைக்கே சொன்னதுதான்."

தாய்மாமன் வேலையில் எனக்கு மிஞ்சியது ஒரு கழுதைக் குரலும் கூடப் பிறக்காத ஒரு தம்பியும் மட்டுமே. அவன் கூடப் பிறக்கவில்லை என்று யாராவது வழக்குக்கு வந்தால், சாட்சி சொல்ல ஏட்டையா இருக்கிறார்.