தரகர் ஆறுச்சாமி தேர்தலில் நிற்காத கதை

கோவிந்தாபுரம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த ஆறுச்சாமி என் அக்கா சாந்தம்மாளின் புருஷன். எனக்கு மச்சான். அவரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. நாணயமான மனுஷன் என்பது ஒன்று. அரசியலில் ஆசைப்பட்டு, ஆள் சேராமல் ஒதுங்கிக்கொண்டவர் என்பது மற்றொன்று. முதல் பேச்சு சரி. இரண்டாவதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

முப்பதுகளின் நடுவில் ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது. எங்கள் பகுதிக்குக் கட்சி சார்பில் யார் நிற்பது என்று உள்ளூர் அங்கத்தினர்கள் கூடிக் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். அதிகக் கை யாருக்கோ அவரே வேட்பாளர். ஐந்து பேர் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் பெரிய பண்ணையாரின் மருமகன். கதர் கட்டி ஆறு மாதம்கூட ஆகாதவர். மற்றவர்கள் வெற்றிலை வியாபாரி குப்பண்ணன், அரிசி மண்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் மச்சான்.

மச்சானுக்கு வேண்டியது சந்தைப்பேட்டையில் ஒரு பொதுக் கிணறு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெயிலில் நடந்து வரும் மாடுகளுக்கும், ஓட்டி வருகிறவர்களுக்கும் அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது. இருந்த ஒரே கிணறு பண்ணையுடையது. அதில் வாளி போட வேண்டுமானால் முதலில் சாதி சொல்ல வேண்டும். நாக்கு வறண்டு நிற்கிறவனிடம் சாதி கேட்கிற அழகைப் பாருங்கள்! மருமகன் போர்டுக்குப் போனால் பொதுக் கிணறு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். தானே போர்டில் எழுந்து நின்று அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மச்சானுக்கு அவ்வளவு ஆசை.

பண்ணையில் குத்தகைக்கு உழுதவர்களின் கைகள் மொத்தமாக மருமகனுக்குப் போகும். மற்ற கைகள் நாலாகப் பிரிந்தால் அவர்தான் வருவார். நாலு பேரில் மூன்று பேர் விலகினால் மிஞ்சுகிறவர் ஜெயிப்பார். ஆனால் யார் விலகுவது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். தனக்கு எத்தனை ஆள் என்று வாய்விட்டுச் சொல்லவும் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. குறைவு என்று தெரிந்தால் இருக்கிற ஆளும் ஓடிவிடுமே!

மச்சானுக்குத் தெரிந்த வழி சந்தை வழி. எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டு, தரகரின் விரலைப் பிடித்துத் தொகையைச் சொல்ல வேண்டும். அது தரகரோடு நின்றுவிடும். வெளியே வாய் கூசாமல் புளுகுகிறவனும் துண்டுக்குள் புளுக மாட்டான். புளுகினால் அப்புறம் யாரும் அவனுக்குக் கை நீட்ட மாட்டார்கள்.

"ஆளுக் கணக்கத் துண்டுக்குள்ள சொல்லிப்போடுங்க. ஆருக்குச் சாஸ்தின்னு மட்டும் நான் சொல்றனுங்க. மத்தவங்க வெலகிக்கலாம்" என்றார் மச்சான். மூன்று பேரும் சம்மதித்து, ஒவ்வொருவராக வந்து விரல் பிடித்தார்கள்.

கூட்டத்தன்று காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய் உள்ளே போகவில்லை.

"ஏனுங்க, கணக்கு என்னாச்சுங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நாலு பேர்ல எனக்குத்தான் சாஸ்தி."

"அப்ப நீங்கதான நிக்கோணும்? எதுக்கு இப்படி உக்காந்திருக்கறீங்க?"

"தரகு பேசறவன் தம் மாட்டச் சந்தையில கட்டக் கூடாது புள்ளே. நான் கட்டிப்போட்டேன். முந்தியே தோணாமப் போச்சு. இப்ப எனக்குத்தான் சாஸ்தின்னு நானே சொன்னா, அவங்க மூணு பேரும் நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள்தான். மூன்று பேரும் முறுக்கிக்கொண்டு நிற்பார்கள், மருமகன் சிரித்துக்கொண்டே ஜெயிப்பார். கணக்கை அவிழ்த்துக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் துண்டுக்கு இருந்த மரியாதை அன்றோடு போகும். "குப்பண்ணனும் கெணறு வெட்டறேன்னுதான் சொல்றாரு" என்றார் மச்சான். அக்கா அழுதாள். நான் கத்தினேன். எதுவும் பலிக்கவில்லை.

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தார். "நான் வெலகிக்கறனுங்க. எனக்கு இதுல இனி மாடு இல்ல. மிச்ச மூணு பேர்ல குப்பண்ணனுக்குத்தான் ஆளு சாஸ்தி." தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர் சொன்னதால் நம்பினார்கள். மண்டிக்காரர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார், வாத்தியாரும் விலகினார். கை தூக்கச் சொன்னபோது குப்பண்ணன் மருமகனைத் தாண்டிவிட்டார். பிறகு போர்டுக்கும் போனார்.

சொன்னபடி கிணற்றையும் வெட்டினார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். யார் வேண்டுமானாலும் வாளி போடலாம், யாரும் எதையும் கேட்பதில்லை. முதல் சந்தை நாளில் மச்சான் கிணற்றடியைவிட்டு நகரவே இல்லை.

அடுத்த தேர்தலுக்குக் குப்பண்ணன் நிற்கவில்லை. உடம்பு முடியவில்லை என்றார். மச்சான் மறுபடி பெயர் கொடுத்தார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். கூட்டத் தலைவர் அவரைப் பார்த்து, "போன தடவ ஆளில்லாமத்தான வெலகுனீங்க ஆறுச்சாமி? மறுக்காவும் எதுக்குங்க சிரமம்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. குப்பண்ணனும் சேர்ந்து சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் துள்ளி எழுந்தேன். மச்சான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டம் கலைந்தது.

வழியில் நான் பொறுக்க மாட்டாமல், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமுங்களே மச்சான்!" என்றேன்.

"சொன்னா குப்பண்ணன் கணக்கு எனக்குக் கீழன்னு வெளிய வந்துருமல்லோ மாப்ளே. என்னைய நம்பித்தான அவரு வெரலக் குடுத்தாரு."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"கெணறு வந்துருச்சு, போச்சாது உடு. ஆனா அன்னிக்கு எனக்குத்தான் மாப்ளே சாஸ்தி. அது உனக்காச்சும் தெரியுமல்லோ?"