கடல் உடைத்ததும் சல்லடை உடைத்ததும்

கடற்கரையைப் பெருக்க டிராக்டர் எதற்கு என்று கேட்பவர்கள், விடுமுறைக்கு மறுநாள் காலையில் அங்கே வந்து பார்க்க வேண்டும். டிராக்டர்காரர் விடிந்ததும் விடியாததுமாக வண்டியை மணலில் இறக்கிவிடுவார். பின்னால் பூட்டிய இயந்திரம் மணலை வாரி, சல்லடையில் உலுக்கி, மணலை மட்டும் கீழே விடும். மேலே நிற்பதெல்லாம் குப்பை: பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு, கிளிஞ்சல். கிளிஞ்சலை யாரும் வீசிவிட்டுப் போகவில்லைதான், ஆனால் சல்லடைக்கு அந்த நியாயமெல்லாம் தெரியுமா? அவருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு சிப்பியைக்கூட அவர் குனிந்து எடுத்ததில்லை.

மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் குனிந்தார். அவள் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவள். நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது, அதுவும் முன்னைவிட இரண்டு பங்காக என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். வலது கை விரல்கள் மடங்கின, நீண்டன. நுனியில்தான் உணர்ச்சி இல்லை. துணி எது ஊசி எது என்று தெரியாத விரலை வைத்துக்கொண்டு எதைத் தைப்பது? கண்ணை மூடிக்கொண்டு விதவிதமான பொருள்களைத் தடவி, இன்னது என்று சொல்லிப் பழகுங்கள் என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். மறுபடி தைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "முடியலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு நடந்தது.

அவர் சாப்பாட்டு டப்பாவில் கிளிஞ்சல் பொறுக்கி வந்தார். வெயிலில் கிடந்தவை சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. சிலவற்றை ஏதோ பூச்சி துளைத்துத் துளைத்துப் பஞ்சாக்கியிருந்தது. ஆழத்தில் புதைந்து, சல்லடையோடு மேலே வந்தவை மட்டும், உள்ளே இருந்த உயிர் போய் எவ்வளவு காலமோ, வரியும் நிறமும் அப்படியே இருந்தன. அப்படிப்பட்டவையாகப் பார்த்து எடுத்து வந்தார்.

அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுடைய வலது உள்ளங்கையில் அவர் ஒன்றை வைப்பார். அவள் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சங்கு" என்பாள். வைத்தது சிப்பியாக இருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சரி" என்று சொல்லி, அவள் கண் திறப்பதற்குள் சிப்பியை எடுத்துவிட்டுச் சங்கைக் காட்டுவார். முதல் நாள் சங்கைத் தேடி எடுப்பதற்குள் திணறிப்போனார். அப்புறம் தொழிலே அதுதான் என்பதுபோல் தேறிவிட்டார்.

எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறோம் என்ற சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கை ஊசியில் நூல் கோத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சட்டையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஊசி விரலில் இறங்கி இறங்கி ஏறியிருக்கிறது, அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க வெச்சதெல்லாம் நான் சொன்னதுதானா?"

அவர் திருதிருவென்று விழித்தார். அந்த முழியே போதும்.

"டாக்டர்கிட்ட பொய் சொல்லுங்க, ஊர்கிட்ட சொல்லுங்க. என் விரல்கிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"நீ மனசு விட்டுடக் கூடாதுன்னுதான்..."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

அதற்கப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. அவள் பேச்சை வைத்து அவர் அடித்த கேலியெல்லாம் தொண்டையில் நின்றது. சாப்பாடு போடுவாள், தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள், அவர் அப்போதும் விடாமல் கொண்டு வந்த டப்பாவின் அடியில் கிடந்த உடைசல்களை இடது கையால் கிளறிக்கொண்டிருந்தவள், அவளாகவே கேட்டாள்.

"இது ஏன் வெட்டற மாதிரி இருக்கு? அது வழவழன்னு இருக்கு?"

"அதுவும் உடைசல்தான், அலை உடைச்சது. ஆனா உடைச்சதோட விடாது. மணல்ல போட்டு உருட்டி உருட்டி முனையை மழுக்கிடும்." அவர் மற்றதைத் தொட்டுக் காட்டினார். "வெட்டறது என் சல்லடை உடைச்சது. இன்னிக்குக் காலையிலதான்."

"அப்ப உடைசலாவே கொண்டு வாங்க. ஊசி முனை தெரியணும்னா முதல்ல இது தெரியணும்."

"கை கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா சொல்லுங்க. அதையாவது உண்மையா சொல்லுங்க."

நியாயமான அடி, வாங்கிக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டுவாள். "கடல்" என்பாள். "தப்பு" என்பார் அவர். "சல்லடை" என்பாள். "தப்பு." மணலில் புதைந்த டிராக்டரைத் தனி ஆளாகத் தள்ளச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகத் தள்ளியிருப்பார், இந்த மூன்றெழுத்தைச் சொல்லத்தான் அவருக்கு உயிர் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணைத் திறந்து, எதையாவது மாற்றிவிட்டாரா என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்லிச் சோதித்தாள். ஒருமுறை விரல் கிழிந்தது. "ரத்தம்" என்று அவர் சொன்னார். துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி கையை நீட்டினாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மழை பெய்து கடற்கரையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், அவர் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். வழக்கம்போல் உட்கார்ந்தார்கள். அவள் ஆள்காட்டி விரலால் ஒரு துண்டின் ஓரத்தை மெதுவாகத் தடவினாள்.

"கடல்."

"சரி."

அடுத்தது. "கடல்."

"சரி."

மூன்றாவதைத் தொட்டதும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஆ! இது நீங்க."

"சரி" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்ப்பாள் என்று இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு, அடுத்ததை வைக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.