மாடியக்கா வாய் திறந்த நாற்பது நிமிடங்கள்

படகுத்துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மாடியக்கா. பெரிய காரணம் ஒன்றும் இல்லை, மாடியில் இருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு காலத்தில் கயிறும் கிழிந்த மிதவைச் சட்டைகளும் போட்டு வைத்திருந்த அறை அது. பதினாறு வருடங்களுக்கு முன்பு கயிற்றை மூலைக்குத் தள்ளிவிட்டு ஒரு மேசையையும் ஒரு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து போட்டார்கள். கயிறு இன்னும் அதே மூலையில்தான் கிடக்கிறது. ஜன்னல் கொக்கி துருப்பிடித்துப் போனதால் சாத்த முடியாது. சாரல் அடித்தால் கம்ப்யூட்டருக்கு மேல் குடையை விரித்துவிட்டு அவள் நனைவாள்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். எந்தப் படகு எத்தனை மணிக்கு என்று ஊர் ஜனம் கைபேசியில் பார்க்கிற பக்கம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. பக்கத்தை முதல் எழுத்திலிருந்து எழுதியவள் அவள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, தலையணை தடிமனில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பிஹெச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியைத் தானாகக் கற்றுக்கொண்டாள். யாரும் படி என்று சொல்லவில்லை, படித்த பிறகு யாரும் பாராட்டவும் இல்லை. மாடிக்குப் போ என்றார்கள். அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் நடுநடுவே குறிப்பு எழுதி வைப்பார்கள். இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் என்ன எழுதியிருந்தாலும் கம்ப்யூட்டர் சட்டை செய்யாது, பக்கத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கும் போகாது. மற்றவர்கள் 'இது தேதியைக் கணக்கிடுகிறது' என்று வறட்சியாக ஒரு வரி எழுதுவார்கள். மாடியக்கா மனதில் இருந்ததையெல்லாம் எழுதினாள். 'மேலாளர் சொன்னதால் நீலம். எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒன்று. அதற்கு இரண்டு வரி தள்ளி, 'மேலாளர் மறுபடி சொன்னதால் பச்சை. இப்போது எனக்கு நீலம் பிடித்துவிட்டது.'

நேரில் அவள் வாயிலிருந்து 'சரிங்க சார்' தவிர வேறு வார்த்தையை அலுவலகம் அதிகம் கேட்டதில்லை. வீட்டிலும் எரிந்து விழமாட்டாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், இது தன்னுடைய நல்ல குணத்துக்குக் கிடைத்த பலன் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் ஓட்டுகிற வெப் சர்வர் மென்பொருள் பழசாகிவிட்டது, இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது, வெள்ளிக்கிழமைக்குள் புது வெர்ஷனுக்கு மாற வேண்டும். மேலாளர் அவளைக் கீழே கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். முடியாது என்றால் சொல்லிவிடலாம், வெளியே ஒரு கம்பெனி மொத்தப் பக்கத்தையும் எடுத்து நடத்தத் தயாராக இருக்கிறது, அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அங்கே வேலை குறைவு, மின்விசிறியும் உண்டு என்று கரிசனமாகவே சேர்த்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் யாரோ விட்டுப்போன நூறு குடைகளுக்கு நடுவே, ஓய்வு பெறும் நாள்வரை உட்கார்ந்திருக்கும் தன்னை மாடியக்கா ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

"சரிங்க சார். வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணிடறேன்," என்றாள்.

பழைய ஏற்பாட்டில் பிஹெச்பி, வெப் சர்வருக்குள்ளேயே ஒரு மாட்யூலாக, வீட்டோடு மாப்பிள்ளை மாதிரிக் குடியிருந்தது. புது சர்வர் அந்த மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இவர் பழைய வெர்ஷனுக்காகக் கட்டப்பட்டவர், எனக்கு ஒத்துவராது என்றது. அதோடு விடவில்லை. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறவரை நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. சனிக்கிழமை முழுக்க அவள் கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும், மாட்யூலின் பெயர் இருந்த வரியைச் செயல்படாமல் தடுத்து வைத்தாள். சர்வர் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது.

பக்கத்தைத் திறந்தாள். படகு நேரங்கள் பளிச்சென்று வந்தன. ஒருவேளை மாப்பிள்ளை வேறு வழியாக உள்ளே போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அலுத்துப்போன மனம் நல்ல சேதியை மறுகேள்வி கேட்பதில்லை. ஞாயிறு பார்த்தாள், திங்கள் பார்த்தாள், நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாளும் டிக் போட்டாள்.

நடந்தது வேறு. அதே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர் மென்பொருளை அவள் நிறுத்தவே இல்லை. புதுசு பக்கத்துக் கதவில் சும்மா உட்கார்ந்திருக்க, அவள் பழக்க தோஷத்தில் முன்கதவையே தட்டிக்கொண்டிருந்தாள். திறந்து பதில் சொன்னது பழையது. மூன்று நாளாகப் பழையதைச் சோதித்துவிட்டுப் புதுசுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பழையதை நிறுத்திவிட்டுப் புதுசை முன்கதவுக்குக் கொண்டுவந்தாள். மூன்று நாள் பார்த்தாயிற்றே, இன்னொரு தடவை என்ன பார்ப்பது? அவள் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கத்துக் காதுக்கம்பி ஆடிக்கொண்டிருந்தது. கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, கணவர் கடைக்கு நடந்தாள்.

கடையில் ஒரு பெரியவர், தன் கண்ணாடி தயாராகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கணவர் மனைவியின் கண்ணாடியை வாங்கி, குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பெரியவர் கைபேசியை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னங்க இது, படகு நேரம் பாக்கலாம்னு போனா ஏதோ டைரி மாதிரி வருது," என்றார்.

மாடியக்காவுக்குப் புரிந்துவிட்டது. பிஹெச்பியைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாத சர்வர், நிரலை ஓட்டாமல் அப்படியே எழுத்தெழுத்தாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்ததோடு சேர்த்து. கடவுச்சொல்லை வேறு கோப்பில் பத்திரமாகப் பூட்டி வைத்தவள், வாயைப் பூட்டாமல் விட்டிருந்தாள்.

பெரியவர் நிதானமாக, செய்தி வாசிக்கிற குரலில் படித்தார். "இன்று கல்யாண நாள். கண்ணாடிக்காரருக்கு இந்த வருடமும் ஞாபகம் இல்லை. சனிக்கிழமை அட்டவணையைச் சரிசெய்தேன்."

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"எந்தக் கண்ணாடிக்காரரு?" என்று கேட்டார் பெரியவர், உண்மையாகவே தெரிந்துகொள்ள.

மாடியக்கா கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். துறையின் காத்திருப்புக் கூடத்தைத் தாண்டும்போது ஒரே சிரிப்பு. ஒருவர் படிக்க நான்கு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, பத்துத் தடவை போன் பண்ணினேன் அக்கா என்று சைகையிலேயே சொன்னாள். மாடியேறி, புதுசை நிறுத்தி, பழையதை எழுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. நாற்பது நிமிடத்தில் ஊர் பதினாறு வருடத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் கணவர் கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"எத்தனை வருஷம் மறந்திருக்கேன்?" என்றார்.

"ஏழு."

"மொத்தமே இருபத்தி ரெண்டுதானே? அப்ப பதினஞ்சு ஞாபகம் இருந்திருக்கு."

"அதுல ஒம்போது நான் ஞாபகப்படுத்தினதுங்க."

அவர் யோசித்துவிட்டு, அதையும் எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றாள். எழுதியிருந்தாள்.

புதன்கிழமை அவள் முதலில் செய்த காரியம் பழையதை நிறுத்திவிட்டு, நின்றுவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தது. ஒரு படகு போய் அடுத்தது வருவதற்குள் கிடைத்த இடைவெளிகளில்தான் வேலை, படகு நேரம் நெருங்கினால் பழையதை மறுபடி ஓடவிட்டாள். மாப்பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குள் திணிக்கும் யோசனையைக் கைவிட்டாள். பிஹெச்பிக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்தாள். அது பக்கத்து அறையில் தன் பாட்டுக்கு ஓடும், சர்வர் வேண்டியதை ஜன்னல் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இனி சர்வர் எத்தனை தடவை மாறினாலும் மாப்பிள்ளைக்குச் சங்கடமில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். புது பிஹெச்பி சகித்துக்கொள்ளாத பழங்காலத்து வரிகள் முப்பதையும் மாற்றி எழுதினாள். வியாழக்கிழமை மதியம் எல்லாம் ஓடியது. குறிப்புகளை மட்டும் அழித்துவிட்டாள். வெறும் நிரல் மழித்த தலை மாதிரி இருந்தது.

சர்வர் சரியாகிவிட்டது. அவள் கதைதான் தெரியவில்லை. குடைகளின் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மின்விசிறி நன்றாகவே சுற்றியது.

வெள்ளிக்கிழமை காலை மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலாளருக்கு முழங்கால் வலி. மாடிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கையில் கற்றையாகக் காகிதம், ஊர் பிடித்துவைத்த படங்களை அச்செடுத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றின் மேல் உட்கார்ந்தார்.

"இதுல நாப்பத்தோரு இடத்துல நான் வரேன்மா," என்றார்.

"நாப்பத்தி மூணு, சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் காகிதத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்துப் படித்தார். 'இவர் சொல்வது சில சமயம் சரிதான். நேரில் சொல்ல மாட்டேன்.'

"இது எதுக்கு எழுதினீங்க?"

"எழுத்தைப் பெருசாப் போடச் சொன்னீங்களே சார். வயசானவங்களுக்குன்னு."

அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. கடைசிக் காகிதத்தை நீட்டினார். அது அவளுடைய தாமதப் பட்டியல். ஒவ்வொரு படகு நேரத்தின் பக்கத்திலும் அவள் குறித்து வைத்தது: 'ஐந்து நாற்பது என்று போடச் சொல்கிறார்கள். கிளம்புவது ஐந்து நாற்பத்தெட்டு. மழை என்றால் ஆறு. உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.' ஒன்று விடாமல் எல்லாப் படகுக்கும், மழைக்கு வேறு, வெயிலுக்கு வேறு.

மூன்று நாளாகக் கவுண்டரில் போன் ஓயவில்லை என்றார் மேலாளர். அவளைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒன்றேதான்: செவ்வாய்க்கிழமை வந்ததே, அந்த நிஜமான அட்டவணை எங்கே?

"அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட இந்த லிஸ்டைப் பத்திக் கேட்டேன்," என்றார். "நீங்க குடுக்கற நேரத்தைத்தான் சார் போடுவோம்னான். நான் குடுக்கறதுதான் பொய்யாச்சே." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதைப் பக்கத்துலயே போட்டுடுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி. நீங்க இங்கயே இருங்க."

"சரிங்க சார்," என்றாள் மாடியக்கா. பிறகு, பதினாறு வருடத்தில் முதல்முறையாக, தனக்கென்று ஒன்று கேட்டாள். "ஜன்னல் கொக்கியையும் மாத்தணும் சார்."

அவர் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவள் நிரலைத் திறந்து, தாமத நேரங்களைச் சேர்த்து, பழையது நின்றிருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தைச் சோதித்தாள். எல்லாம் வந்தது. மூடுவதற்கு முன் கை தானாகவே இரண்டு சாய்கோடு போட்டது.

'மேலாளர் சொன்னதால் நிஜ நேரம். கொக்கி எப்போது வருகிறது என்று பார்ப்போம்.'